இந்த வெள்ளிக்கிழமை பெங்களூருக்கு வரும் நான்கு தமிழ்ப் படங்கள்: சின்னப் படம் ஞாயிறுவரை நிற்குமா?

பாணசவாடி வாசகி (செவ்வாய், இரவு 9.40)

வணக்கம். இந்த வெள்ளிக்கிழமை தமிழில் நான்கு படங்கள் வெளியாகின்றன. ஒன்று பெரிய நடிகரின் படம். இன்னொன்று பேய்ப் படம், மூன்றாவது கல்லூரிக் காதல் கதை. நான்காவது, இதற்கு முன் படம் எதுவும் எடுத்திராத ஓர் இயக்குநர் புதுமுகங்களை வைத்து எடுத்த சிறிய படம். நான் பார்க்க விரும்புவது அந்த நான்காவதைத்தான். அதன் முன்னோட்டத்தில் ஒரு காட்சி வருகிறது. மழை ஓய்ந்தபின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி, நனைந்துபோன தீப்பெட்டியிலிருந்து குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முறத்தில் வெயில் படும்படி பரப்பி வைக்கிறாள். வசனம் கிடையாது. என் அம்மா அதைக் கைபேசியில் இரண்டு முறை பார்த்துவிட்டு, "எங்க ஆயா இப்படித்தான் காய வைப்பாங்க, இந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 71 வயது. அவராக ஒரு படத்துக்குப் போகலாம் என்று கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

என் கவலைக்குக் காரணம் சென்ற மாதம் நடந்த ஒன்று. இதைப் போன்ற ஒரு சிறிய படம் வெள்ளியன்று நகரில் ஏழெட்டு இடங்களில் வெளியானது. வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் அன்றைக்குப் போகலாம் என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமை இரவு பார்த்தபோது ஒயிட்ஃபீல்டு பக்கத்து மால் ஒன்றில் இரவு 10.40 காட்சி மட்டுமே மீதி இருந்தது. சரி என்று அதற்கே முன்பதிவு செய்தோம். ஞாயிறு மாலை, போதுமான பார்வையாளர்கள் இல்லாததால் காட்சி ரத்து செய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தை நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை.

செவ்வாய் இரவாகிவிட்ட இந்த நேரத்தில் பெரிய நடிகரின் படத்துக்கு மட்டும் முன்பதிவு திறந்திருக்கிறது. மற்ற மூன்றுக்கும் எந்தத் திரை, எத்தனை மணி என்று ஒரு விவரமும் இல்லை. ஏன் இவ்வளவு தாமதம் செய்கிறார்கள்? ஞாயிறுவரை காத்திருக்கலாமா, அல்லது அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமையே போவது நல்லதா? படத்துக்கு யுஏ 13+ சான்றிதழ் கிடைத்திருக்கிறது; என் மகனுக்கு 11 வயது, அவனை உள்ளே விடுவார்களா? எங்களுடன் வர ஆசைப்படும் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையாருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும் என்பதால், ஆங்கிலத் துணையெழுத்து வருமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காந்திநகர் பழையவர் (செவ்வாய், இரவு 11.15)

சகோதரிக்கு வணக்கம். காந்திநகரில் ஒரு விநியோக அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஒரு வெள்ளிக்கிழமை என்பது சென்னையின் வெள்ளிக்கிழமையைப் போன்றதல்ல. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம், ஆங்கிலம் ஆகிய ஆறு மொழிப் படங்களும் அதே திரைகளுக்காக ஒரே நாளில் வந்து நிற்கும் ஊர் இது. மால் திரையரங்குகளில் காட்சி நேரம் வகுப்பவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் படங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. திங்களன்று அந்தக் கூட்டம் எவ்வளவு சரிந்தது என்பதையும் பார்த்த பிறகே எதை எடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பார்கள். அதன்பின் பெரிய படத்தின் விநியோகஸ்தருடன் காட்சி எண்ணிக்கை, சீட்டு விலை, பங்கு விகிதம் ஆகியவற்றைப் பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சு முடியாமல் சிறிய படத்துக்கு எந்த நேரம் மிஞ்சும் என்பது அவர்களுக்கே தெரியாது. ஆகவே புதன் மாலைக்கு முன் உங்கள் படத்துக்குப் பட்டியல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வியாழன் காலையில் வந்தாலும் வியப்பதற்கில்லை.

அப்படி மிஞ்சுவது பெரும்பாலும் காலை பத்து மணிக் காட்சியும், இரவு பத்துக்கு மேற்பட்ட காட்சியும்தான். அலுவலகம் போகிறவர்களால் முதலாவதற்கு வர முடியாது, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இரண்டாவது ஒத்துவராது. வெள்ளியன்று அந்த இரண்டு காட்சிகளும் காலியாகக் கிடந்தால், இந்தப் படத்துக்கு ஆள் வரவில்லை என்று கணினி சொல்லிவிடும். வெள்ளி இரவே சனிக்கிழமைப் பட்டியல் மாறிவிடும். யாராலும் வர முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு, வரவில்லை என்று எடுத்துவிடுவது நியாயமே இல்லை என்பதுதான் அன்றும் இன்றும் என் எண்ணம். ஆனால் காலியான இருக்கையால் திரையரங்குக்காரருக்கும் இழப்பு உண்டு, மின்கட்டணமும் ஆள் கூலியும் நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படி நெருக்கடியான வாரத்திலும் சிறிய படம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கு 2025 மே 1-ஆம் தேதியைச் சொல்வேன். அன்று தமிழில் சூர்யாவின் 'ரெட்ரோ', தெலுங்கில் 'ஹிட் 3', இந்தியில் 'ரெய்டு 2' ஆகியவை வெளியாயின. அதே நாளில்தான் சசிகுமாரும் சிம்ரனும் நடித்த, புது இயக்குநரின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. தொழிலில் இருந்தவர்கள் பலர், இந்தக் கூட்டத்துக்கு நடுவே இதை ஏன் கொண்டுவந்து இறக்கினார்கள் என்றுதான் கேட்டார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொன்னார்கள். அந்தப் பேச்சு பரவப் பரவக் காட்சிகள் கூடின, படம் வாரக்கணக்கில் ஓடியது. 2018 அக்டோபரிலும் இதே நிலைதான்: 4-ஆம் தேதி '96', மறுநாளே 'ராட்சசன்'. இரண்டாவது படம் எழுந்ததும் வாய்வழிப் பேச்சால்தான்.

ஆனால் அந்தப் பேச்சு தொடங்குவதற்குள் படம் எடுபட்டுவிடக் கூடாது. பேச்சு பரவ மூன்று நாள் பிடிக்கும். படத்துக்குக் கிடைப்பதோ ஒன்றரை நாள். இந்த இடைவெளியில்தான் நல்ல படங்கள் சாகின்றன. அதனால் சகோதரி, ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். வியாழன் இரவுக்குள் முன்பதிவு செய்யுங்கள். வெள்ளி மாலைக் காட்சி கிடைத்தால் அதற்கே போங்கள், இல்லையென்றால் சனி காலை. முன்பதிவாகும் ஒவ்வோர் இருக்கையும் காட்சி வகுப்பவரின் திரையில் உடனே தெரியும். ஒரு குடும்பம் நான்கு சீட்டு எடுத்திருக்கிறது என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிட அவர் யோசிப்பார்.

முதல் வாரத்தில் போவது படம் எடுத்தவருக்கும் நல்லது. 2009-இல் இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் இடையே இரண்டு மாத வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஏற்பட்ட உடன்பாட்டில், வரி போக மிஞ்சும் வசூலில் முதல் வாரம் 50 விழுக்காடு, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன்பின் 30 என்று படத்தரப்பின் பங்கு வகுக்கப்பட்டது. இங்கே தமிழ்ப் படங்களுக்கு ஒப்பந்தம் படத்துக்குப் படம் மாறும். என்றாலும் முதல் வாரத்தில்தான் படத்தரப்புக்குப் பங்கு அதிகம் என்ற அடிப்படை அதேதான்.

ஓய்வு பெற்ற ஆபரேட்டர் (புதன், காலை 7.05)

அம்மா, துணையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலருக்கும் தெரியாத விஷயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போது படம் சுருளாக வருவதில்லை. நூறு ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளாக வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ திரையரங்குக்கு வந்து சேர்கிறது. பூட்டிய பெட்டியைப் போல அது வந்து கிடக்கும். திறப்பதற்கு 'கீ' தனியாக மின்னஞ்சலில் வர வேண்டும். ஒரு திரையின் இயந்திரத்துக்கு வந்த கீ பக்கத்துத் திரையின் இயந்திரத்தில் வேலை செய்யாது. எந்த நாள் எத்தனை மணியிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். நேரம் வருமுன் திறக்காது, நேரம் கழிந்தால் மூடிக்கொள்ளும். சில வெள்ளிக்கிழமைகளில் காலைக் காட்சி தொடங்காமல் ரசிகர்கள் வாசலில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கீ வந்து சேராததுதான். தயாரிப்பாளர் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால், அதைத் தீர்க்கும்வரை கீ வெளியே போகாது.

துணையெழுத்து உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் இரண்டு தனித்தனிப் பட்டியல்களாக அந்தக் கோப்புக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கீ வேண்டும். சென்னையிலிருந்து அனுப்புகிறவர் துணையெழுத்து இல்லாத வடிவத்துக்கு மட்டும் கீ அனுப்பிவிட்டால், துணையெழுத்து இயந்திரத்திலேயே இருந்தாலும் ஆபரேட்டரால் அதை ஓட்ட முடியாது. சிறிய படங்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அலட்சியத்தால் நடப்பதல்ல, ஒரே ஆள் நூறு திரைகளுக்குக் கீ கேட்டு எழுதும்போது பெங்களூரை மறந்துவிடுகிறார். உங்களைப் போன்றவர்கள் வியாழக்கிழமையே திரையரங்குக்குத் தொலைபேசியில் பேசி, "துணையெழுத்து வடிவத்துக்குக் கீ வந்திருக்கிறதா?" என்று இதே சொற்களில் கேட்டால், அவர்கள் விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்க நேரம் இருக்கும். வெள்ளி மாலை படம் ஓடத் தொடங்கியபின் கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஊரில் தமிழ்ப் படம் பார்க்க நாம் பட்ட பாடு இளையவர்களுக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில், ஆயிரம் அடிச் சுருள் ஒன்று 11 நிமிடம் ஓடும். ஒரு தமிழ்ப் படத்துக்கு 14 முதல் 16 சுருள். சில வாரங்களில் ஒரே பிரதியை இரண்டு திரையரங்குகள் பகிர்ந்துகொள்ளும். எங்கள் காட்சி முக்கால் மணி நேரம் முந்தித் தொடங்கும். ஓடி முடிந்த சுருளைத் தகர டப்பாவில் போட்டு, சைக்கிளில் காத்திருக்கும் பையனிடம் கொடுப்போம். டப்பாவின் மூடியில் கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். அல்சூர் ஏரிக்கரை ஓரமாக அவன் மிதித்துக்கொண்டு போவான். லெவல் கிராசிங்கில் ரயில் வந்துவிட்டால், அடுத்த திரையரங்கில் நூற்றுக்கணக்கானவர்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

2004-இல், பிறமொழிப் படங்கள் வெளியாகி ஏழு வாரம் கழிந்த பிறகே கர்நாடகத்தில் திரையிட வேண்டும் என்று இங்குள்ள திரைப்பட வர்த்தக சபை கட்டுப்பாடு விதித்தது. அப்போது எத்தனையோ குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூருக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டுத் திரும்பின. என் மூத்த மகளும் மாப்பிள்ளையும் அப்படிப் போனவர்கள்தாம். இப்போது நிலைமை தலைகீழாகிவிட்டது. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் முதல் காட்சி இல்லை என்பதால், பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலைக் காட்சிக்காக இங்கே வருகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். லால்பாக் சாலை ஊர்வசி, பாணசவாடிப் பக்கம் முகுந்தா போன்ற ஒற்றைத் திரையரங்குகளையும் பாருங்கள். 1974-இல் திறந்த காவேரி 2024-இல் மூடப்பட்டது. பிரிகேடு சாலை ரெக்ஸ் அதற்கு முன்பே, 2018 முடிவில் போய்விட்டது. மீதி இருப்பவை தமிழ்ப் படத்துக்கு நல்ல இடம் கொடுத்து வந்தவை. ஆனால் ஒரே திரை என்பதால் அவை பெரிய படத்தைத்தான் முதலில் எடுக்கும் என்பதும் உண்மை. உங்கள் படத்துக்கு மால் திரையரங்குகளே கதி.

இரு பிள்ளைகளின் தந்தை (புதன், பகல் 1.30)

சான்றிதழைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2024 முதல் யுஏ என்ற ஒரே பிரிவு யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்த வயதுக் குறிகள் பெற்றோருக்கான அறிவுரைதான்; தடை அல்ல. உங்கள் மகனைப் பெற்றோரான நீங்கள் அழைத்து வரும்போது வாசலில் மறுக்கக் கூடாது. மறுக்க வேண்டியது 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்குத்தான்; அதில் 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் உடன் வந்தாலும் இடமில்லை. இந்த வேறுபாடு தெரியாத சில காவலாளிகள் எல்லாவற்றுக்கும் ஆதார் அட்டை கேட்கிறார்கள். அப்படி நடந்தால் மேலாளரை அழைத்துப் பேசுங்கள்.

விலையையும் கவனியுங்கள். கர்நாடக அரசு 2025 செப்டம்பர் 12-ஆம் தேதி, வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் சீட்டு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆகவே 200 ரூபாய்தானே என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 விழுக்காடு வரி. 200 ரூபாய்ச் சீட்டே 236 ஆகிவிடும். இணையத்தில் எடுத்தால் சேவைக் கட்டணம் தனி. நீங்கள் நான்கு பேர் என்பதால், திரையரங்கு அருகில் இருந்தால் கவுண்டரில் எடுப்பதே மேல்.

மாறத்தஹள்ளி நண்பர் (புதன், இரவு 8.20)

ஞாயிறுவரை காத்திருக்காமல் வெள்ளியே போங்கள் என்பதில் நான் மாறுபடுகிறேன். ரெட்ரோ வெளியான முப்பதாம் நாள் ஓடிடிக்கு வந்தது. டூரிஸ்ட் ஃபேமிலியும் ஜூன் 2-ஆம் தேதி, அதாவது 32-ஆம் நாள், வந்துவிட்டது. தமிழ்ப் படங்களுக்குப் பொதுவாக நான்கு வார இடைவெளிதான். 71 வயதான தாயாரை வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில், அவுட்டர் ரிங் ரோடு வழியாக அழைத்துக்கொண்டு போய், காட்சி ரத்தாகுமோ என்ற பதற்றத்துடன் உட்கார வைப்பதைவிட, நான்கு வாரம் பொறுத்து வீட்டில் வசதியாகக் காட்டலாம் அல்லவா? துணையெழுத்துக்கும் அங்கே குறைவிருக்காது. சென்ற மாதம் உங்களுக்கு நேர்ந்தது மீண்டும் நேரக் கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறேன்.

காந்திநகர் பழையவர் (புதன், இரவு 9.00)

நண்பர் சொல்வதில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் எடுத்துக்காட்டிய இரண்டும் வெளியாகுமுன்பே பெயர் தெரிந்த நடிகர்கள் இருந்த படங்கள். முற்றிலும் புதுமுகங்கள் நடித்த படத்தை ஓடிடி நிறுவனங்கள் இப்போது முன்கூட்டியே வாங்குவது அரிதாகிவிட்டது; திரையரங்கில் எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள். இந்த வாரம் திரையில் நிற்காத படம் நான்கு வாரம் கழித்து வீட்டுக்கு வரும் என்பதற்கு உறுதி ஏதும் கிடையாது. பல மாதங்கள் யாரும் வாங்காமல் கிடந்த படங்களை நான் என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

பாணசவாடி வாசகி (வியாழன், இரவு 10.10)

அனைவருக்கும் நன்றி. மாறத்தஹள்ளி நண்பரின் கருத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வீட்டுல பார்த்தா பாதியிலே குக்கர் கூப்பிடும்" என்று சொல்லிவிட்டார். பட்டியல் இன்று காலை 11 மணிக்குத்தான் வந்தது. நகரம் முழுவதும் ஒன்பது காட்சிகள். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள மாலில் வெள்ளி மாலை 6.50-க்கு ஒன்று இருந்தது; நான்கு சீட்டு எடுத்துவிட்டேன், அரைநாள் விடுப்பும் சொல்லியாகிவிட்டது.

ஆபரேட்டர் ஐயா சொன்னபடி திரையரங்குக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் முதலில், தமிழ்ப் படத்துக்குத் துணையெழுத்து வராது என்றார். கீ வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திரும்ப அழைப்பதாகச் சொன்னார். மாலை 5 மணிக்கு அவரே அழைத்து, துணையெழுத்து இல்லாத வடிவத்துக்கு மட்டும்தான் வந்திருந்தது, இப்போது கேட்டு எழுதியிருக்கிறோம் என்றார்.

ஓய்வு பெற்ற ஆபரேட்டர் (வியாழன், இரவு 10.25)

நல்லது அம்மா. நாளை பகல் 12 மணிக்கு இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். கீ வந்திருந்தாலும் அதை இயந்திரத்தில் ஏற்றி, அது ஓட்ட வேண்டியவற்றின் பட்டியலில் வடிவத்தை மாற்றி வைக்க வேண்டும். பழைய பட்டியலிலேயே விட்டுவிட்டால் பழைய வடிவம்தான் ஓடும். தாயாருக்குக் கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையின் ஓர இருக்கை வசதியாக இருக்கும். படி ஏறும் விளக்கு அங்கே நன்றாகத் தெரியும்.

பாணசவாடி வாசகி (வெள்ளி, இரவு 11.30)

பார்த்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினோம். துணையெழுத்து வந்தது. மகனை யாரும் தடுக்கவில்லை. அரங்கில் எங்களையும் சேர்த்து 26 பேர். இடைவேளையில் நானே எண்ணினேன்.

தீப்பெட்டிக் காட்சி முன்னோட்டத்தில் பார்த்ததைவிட நீளமானது. குச்சிகள் காய்ந்தபின் கிழவி ஒன்றை எடுத்து உரசுகிறாள், பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. மூன்றாவது பற்றியதும் அடுப்பை ஏற்றாமல் அதை அணைத்துவிட்டு, மீதியைப் பெட்டிக்குள் அடுக்குகிறாள். கன்னட அம்மையார் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் வண்டியில் வீடு வரும்வரை, நனைந்த விறகை எப்படி எரிய வைப்பது என்று கன்னடமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே வந்தார்கள்.

நாளைய பட்டியலில் ஒன்பது காட்சிகள் ஐந்தாகிவிட்டன. எங்கள் பக்கத்து மாலில் மாலைக் காட்சி போய், சனி காலை 10.20 மட்டும் இருக்கிறது. அதில் இதுவரை 11 இருக்கைகள் பதிவாகியிருக்கின்றன. என் தங்கை குடும்பத்துக்காக ஐந்து சீட்டு இப்போதே எடுக்கிறேன். ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் இன்றிரவே எடுத்துவிடுங்கள்.